ஆறு சாட்சிகள்

பிப்ரவரி 3

அன்பு மருமகளுக்கு,

நிலம், நீர், ஆகாயம் மூன்றிலும் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தகுதி பெற்ற ஒரே மனிதனாகிய உன் மாமன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் பயிற்சிக் காரும் சுகம். காருக்கு மட்டும் காலையில் லேசான இருமல். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, அறைக்குக் காற்று வருகிறதா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். அவள் தனியாகவும் கேட்பாள். இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லு, குழப்பாதே.

இனி சரித்திரச் செய்தி. நம் கதையாட்டத்துக்குப் புது விதிப்புத்தகம் வந்துவிட்டது! பார்சல்காரர் அதை வாசலில் இறக்கியபோது தெருவிலிருந்த நாய்களெல்லாம் பூகம்பம் என்று நினைத்து ஊரைக் காலி செய்தன. ஞாயிற்றுக்கிழமை டிரைவிங் ஸ்கூலின் பின்னறையில் நம் ஆட்டப் பேரவையைக் கூட்டினேன். சிக்னல் சொல்லிக்கொடுக்கும் பொம்மைக் கார்களையும், நாம் டிராகனாகப் பயன்படுத்தும் அந்தச் சிவப்பு லாரியையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, புத்தகத்தை மேசை நடுவில் வைத்தேன். கதை சொல்பவன் நான், வேஷம் கட்டிப் பகடை உருட்டுபவர்கள் நீங்கள். ஆகவே இனிமேல் நம் எல்லோர் தலையெழுத்தும் இந்தப் புதுப் பதிப்பின்படிதான் என்று அறிவித்தேன். கைதட்டலை எதிர்பார்த்தேன்.

கண்டக்டர் எழுந்தார். அவருடைய வேஷமான மாவீரன் விசில் ஊதினால் எதிரிகள் ஒரு நொடி அப்படியே நிற்பார்கள் அல்லவா, அது புதுப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டார். எடுத்துவிட்டார்கள் என்றேன். பையை மாட்டிக்கொண்டார்.

“அப்ப நான் பழைய புத்தகத்துலயே இறங்கிக்கறேன் மாஸ்டர். நீங்க போயிட்டு வாங்க.”

பல் டாக்டரம்மாவுக்கு ஒரே கவலை, புதுப் பதிப்பிலும் அரக்கர்களுக்குப் பல் இருக்கிறதா என்று. பகலெல்லாம் பூப்போலப் பல்லைத் தொடுகிறவருக்கு, ஞாயிறானால் கோடரியால் உடைத்தால்தான் நிம்மதி. உன் அத்தையோ தவளையாக மாற்றும் மந்திரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பயமாக இருந்தது.

உன் பூட்டுத்திறப்பவள் இன்னும் நம் கதையின் குதிரை வண்டியில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். ஆள் வராவிட்டால் அவர் வேஷம் வண்டியில் தூங்கும் என்பது நம் வழக்கம்; நீ வேலைக்குப் போனதிலிருந்து அவள் விடும் குறட்டையில் குதிரைகள் மிரள்கின்றன. பூட்டிய கதவையெல்லாம் டாக்டரம்மா உடைத்துத் தள்ளுகிறார். உன் நாற்காலியில் அத்தை தன் கைப்பையை வைக்கிறாள். கைப்பை சுமாராக ஆடுகிறது.

கதைகளின் சக்கரவர்த்தி,
ரிவர்ஸ் எடுப்பதில் நிகரற்றவன்,
மாமா.


பிப்ரவரி 20

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம்.

நலமாக இருக்கிறேன். அறைக்குக் காற்று வருகிறது. சாப்பிடுகிறேன். அம்மாவுக்கும் இதையே எழுதிவிட்டேன்.

பெயிண்ட் ஃபாக்டரியில் என்னை நிறம் ஒப்பிடும் பகுதியிலேயே வைத்திருக்கிறார்கள். நேற்று ஒருவர், பாலில் ஒரு சொட்டு டீ விழுந்த மாதிரி வெள்ளை வேண்டும் என்றார். சாயங்காலத்துக்குள் கலந்து கொடுத்தேன். சூப்பர்வைசர் விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவர் நிற எண்ணைத் தவிர வேறு எதுவும் பேசமாட்டார்.

பூட்டுத்திறப்பவளை அடுத்த ஊரில் இறக்கிவிட்டுவிடுங்கள் மாமா. பூட்டுக் கடை வைத்துப் பிழைத்துக்கொள்வாள். எத்தனை நாள்தான் சுமப்பீர்கள்? கண்டக்டர் அண்ணனுக்கு எப்படியாவது விசிலைத் திருப்பிக் கொடுங்கள்.

ஜூலையோடு எனக்குப் பயிற்சிக் காலம் முடிகிறது. அதற்குப் பிறகு இருக்கலாம், ஊருக்கும் வந்துவிடலாம். இப்போதைக்கு வந்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம். காரணம் என்று ஒன்றும் இல்லை. எல்லோரும் நல்லவர்கள். ஞாயிற்றுக்கிழமைதான் கொஞ்சம் நீளம். திங்கள் காலை கடையில் ரொட்டி கேட்டபோது குரல் கரகரவென்று வந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வாயையே திறக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சளியெல்லாம் இல்லை. கவலைப்பட வேண்டாம்.

உங்கள் மருமகள்.


பிப்ரவரி 26

என் அருமை மருமகளுக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்த அடுத்த கணமே இந்தப் பேனா தானாக எழுந்து நின்றது. இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை உன் கையெழுத்திலிருந்து அளந்துகொண்டேன்.

பூட்டுத்திறப்பவளை இறக்கிவிடுவதா? நான் நினைத்தாலும் முடியாது. புதுப் பதிப்பு, அறுபத்தாறாம் பக்கம், கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது: பழைய வேஷங்கள் எல்லாம் புதிதாகப் பிறந்தாக வேண்டும், அவரவர் வேஷத்தை அவரவர்தான் பிறப்பிக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் வண்டி நகரக் கூடாது. பலம், வேகம், அறிவு, பொறுமை, வசீகரம், அதிர்ஷ்டம் என்று ஆறு குணம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகடையை ஒரு முறை உருட்டி, வரும் எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும்.

இனிமேல்தான் கொடுமை. உன் அத்தை உருட்டும் பகடை பீரோவுக்கு அடியில் போய் விழும், அவள் மேலிருந்தபடியே “பன்னிரண்டு” என்பாள். அதனால்தானே பக்கத்தில் இருப்பவர் ‘பார்த்தேன்’ என்று சொன்னால்தான் செல்லும் என்று நம் மேசையில் வழக்கம் வந்தது? அந்த வழக்கம் எப்படியோ கசிந்து, புத்தகம் எழுதியவர்கள் காது வரை போயிருக்கிறது. அவர்கள் அதை இன்னும் கடுமையாக்கிவிட்டார்கள். ஆறு குணத்துக்கு ஆறு சாட்சி. ஆறும் வேறு வேறு ஆள். சொந்தக்காரர் கூடாது, மேசைக்காரர் கூடாது. எதற்காக உருட்டுகிறாய் என்று சாட்சிக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும். சாட்சியோடு உட்கார்ந்து டீயோ காப்பியோ குடித்தால் அந்தக் குணத்துக்கு ஒன்று கூடுதல்.

எனக்கே இந்த விதி பிடிக்கவில்லை. அச்சில் வந்துவிட்டதே, நான் என்ன செய்ய? பகடை இரண்டையும் பஞ்சில் சுற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன் ஆறு எண்ணும் வரும்வரை நாங்கள் நால்வரும் நடு ரோட்டில் நிற்கிறோம்.

சட்டத்துக்குக் கட்டுப்பட்ட,
மாமா.

(இது அத்தை. புத்தகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை ஒளித்துவைத்திருக்கிறார் உன் மாமா. காரணம் கேட்டால் ராஜ ரகசியமாம். நீ சூடாக ஏதாவது குடி.)


மார்ச் 25

மருமகளே,

இங்கே நலம். அங்கே நலம்தானா என்று கேட்டு ஒரு மாதம் ஆகப்போகிறது. தபால்காரர் தெருமுனையில் தலையைக் காட்டினாலே நான் அவர் மீது பாய்கிறேன் என்று அவர் இப்போது வேறு தெரு வழியாகப் போகிறார். பகடை வந்து சேர்ந்ததா?

விதி எல்லோருக்கும் பொது என்பதால் பேரவை உறுப்பினர்களும் சாட்சி தேடிக் கிளம்பினார்கள். கண்டக்டர் தன் பஸ்ஸிலேயே விசில் ஊதி, நடைபாதையில் மண்டியிட்டுப் பகடையை உருட்டியிருக்கிறார். மொத்தப் பஸ்ஸும் எழுந்து “நான் பார்த்தேன், நான்தான் முதல்ல பார்த்தேன்” என்று சண்டை. அந்தக் களேபரத்தில் டிரைவர் இரண்டு நிறுத்தத்தை விட்டுவிட்டார். அதைப் பற்றி ஒருவரும் புகார் செய்யவில்லை, எண் நன்றாக விழுந்ததே காரணம். இப்போது ஏறுகிறவர்களெல்லாம் மாவீரன் எப்படி இருக்கிறான் என்று விசாரிக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

“புதுப் புத்தகம் அவ்வளவு மோசமில்ல மாஸ்டர்” என்றார். விசிலைப் பற்றிப் பேச்சே இல்லை.

டாக்டரம்மாவின் சாட்சி, வாயில் பஞ்சு வைத்துப் படுத்திருந்த ஒரு நோயாளி. ‘பார்த்தேன்’ என்பதற்குப் பதிலாக ‘ஆ’ என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. அது செல்லுமா செல்லாதா என்று ஒரு ஞாயிறு முழுவதும் விவாதித்தோம். செல்லும் என்று தீர்ப்பளித்தேன். டாக்டரம்மா கையில் அப்போது கொறடு இருந்தது.

உன்னை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

காத்திருப்பதில் மலை போன்ற,
மாமா.


ஏப்ரல் 11

மாமாவுக்கு வணக்கம். எல்லோரும் சுகமா?

பகடை அன்றைக்கே வந்துவிட்டது. ஜன்னலோரம் வைத்திருந்தேன். தூசி தட்டினேன். திரும்ப வைத்தேன்.

எதிர் அறையில் ஒரு நர்ஸ் இருக்கிறார். நான் வேலை முடிந்து வரும்போது அவர் கிளம்பிப் போவார். வந்த நாளிலிருந்து ஒருவர் செருப்பை ஒருவர் பார்த்ததுதான் எங்கள் பழக்கம். போன சனிக்கிழமை அவர் கதவைத் தட்டினேன். தட்டிவிட்டு ஓடி வந்துவிட்டேன். இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தட்டிவிட்டு, இந்த முறை அங்கேயே நின்றேன்.

“ஒரு நிமிஷம் வரீங்களா? பகடை உருட்டணும்.”

“பணம் வச்சா?”

“இல்லீங்க. பூட்டுத் திறக்கிறவ ஒருத்தி இருக்கா. அவளுக்குப் பொறுமை எவ்வளவுன்னு தெரியணும்.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்திருப்பார் என நினைக்கிறேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். விதிப்படி டீ போட்டேன். விதிப்படி விளக்கமும் சொன்னேன்: வண்டி, அத்தை மந்திரம் போட்டுத் தவளையாக்கிய ஆள், டாக்டரம்மாவின் கோடரி எல்லாம். டீ ஆறிவிட்டது. இன்னொரு முறை போட்டேன். பகடை உருட்டினால் இரண்டிலும் ஒன்று ஒன்று.

“அடப் பாவமே. நான் பார்க்கலன்னு வச்சுக்கறேன், இன்னொரு தடவை உருட்டு” என்றார். முடியாது, அறுபத்தாறாம் பக்கம் ஒப்புக்கொள்ளாது என்றேன். ஆகவே பொறுமை இரண்டு, டீக்காக ஒன்று, மொத்தம் மூன்று.

போகும்போது வாசலில் நின்று, “அந்தத் தவளை அப்புறம் மனுஷனா மாறுச்சா?” என்று கேட்டார்.

மருமகள்.


ஏப்ரல் 18

மருமகளே,

நாங்கள் சுகம். சுகம் என்ற சொல் போதவில்லை, வேறு சொல் செய்யக் கொடுத்திருக்கிறேன்.

உன் கடிதத்தைப் பேரவையில் நின்றுகொண்டு வாசித்தேன். ‘தட்டிவிட்டு ஓடி வந்துவிட்டேன்’ என்ற இடத்தில் கண்டக்டர் மூக்கைச் சிந்தினார், தூசியாம். பொறுமை மூன்று என்றதும் கூரை பிய்ந்துகொண்டு போனது. உலக வரலாற்றில் இவ்வளவு பொறுமையில்லாத பூட்டுத்திறப்பவள் பிறந்ததே கிடையாது. சாவியைத் தேடுவதற்குள் கதவைக் கடித்துவிடுவாள்.

தவளை மனிதனாக மாறவில்லை என்று நர்ஸம்மாவிடம் சொல். குளத்துக்குத் தலைவராகிவிட்டார். நல்ல சம்பளம்.

இன்னும் ஐந்து குணம் இருக்கிறது. அவசரமில்லை. ஆனால் அவசரம்.

மாமா.


மே 30

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். நலம்தானே? கடிதம் தாமதமானதற்குக் காரணம் நேரமே இல்லாததுதான்.

பலத்துக்குச் சாட்சி, எங்கள் கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அக்கா. ஒரு ட்ரம்மை உயரத் தூக்கி நிறுத்திவிட்டு, “இதுக்கு மேலயா உன் ஆளுக்குப் பலம்?” என்று கேட்டார். எட்டு விழுந்தது, டீயோடு ஒன்பது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வேகத்துக்கு லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றபோது உள்ளே நானும் அவரும் மட்டும். அவர் ஸ்க்ரூடிரைவரோடு நிற்க, லிஃப்ட் தரையிலேயே உருட்டினேன். ஃப்ளாஸ்க்கில் காப்பி வைத்திருந்தார். கேண்டீன்காரர் அறிவுக்கு, அவருடைய டீ என்பதால் கூடுதல் ஒன்று செல்லுமா என்று சந்தேகம். நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வசீகரத்துக்கு ரொட்டிக் கடை அம்மா. “உனக்கு இவ்வளவு பேச வருமா! ரொட்டின்னு ஒரு சொல்லுதான் வரும்னு இத்தனை நாளா பாவப்பட்டுக்கிட்டிருந்தேன்” என்றார்.

இதில் ஒரு சிக்கல் மாமா. இவர்கள் யாரும் பார்த்துவிட்டுப் போவதில்லை. அடுத்து என்ன ஆச்சு என்று கேட்டு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என் அறையில் கட்டில் நிறைய ஆள். மெக்கானிக் சொந்தமாக ஸ்டூல் கொண்டுவந்துவிட்டார். நான் நம் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சொல்வதற்குத் தீர்ந்துகொண்டே வருகிறது. ஃபோர்க்லிஃப்ட் அக்கா, “கேட்டது போதும், நாங்களும் ஆடணும்” என்று சொல்லிவிட்டார். புதுப் பதிப்பை வாங்கிவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. இங்கே பெரிய கடையில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்களாம்.

அதிர்ஷ்டம் ஒன்றுதான் பாக்கி.

மருமகள்.


ஜூன் 6, அவசரம்

மருமகளே! என் குலக்கொழுந்தே!

நலம் விசாரிக்க நேரமில்லை, நலமாக இரு.

புத்தகம் வாங்காதே. கனம் தாங்காமல் உன் அறையின் தரை இறங்கிவிடும். கீழ்வீட்டுக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்? எழுத்து எறும்பளவு, உன் கண்ணோ நிறம் பார்க்கும் கண், அதற்கு ஏதாவது ஆனால் உலகத்துச் சுவர்களின் கதி என்ன? மேலும் இந்தப் பதிப்பில் ஏராளமான அச்சுப்பிழை என்று நம்பத் தகுந்த இடத்திலிருந்து தகவல். குறிப்பாக அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவிலுள்ள பக்கங்கள் சில பிரதிகளில் மாறியே போயிருக்கின்றனவாம். என்ன விதி வேண்டுமோ கேள், நானே கைப்பட எழுதி அனுப்புகிறேன். ராத்திரி பகலாக எழுதுகிறேன்.

கேண்டீன் டீ செல்லும்.

வியர்வையுடன்,
மாமா.

(அத்தை எழுதுவது. பீரோ சாவி அவருடைய ஷூவுக்குள் இருந்தது. புத்தகம் முழுவதும் படித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். டாக்டரம்மாவிடமும் கண்டக்டரிடமும் மூச்சு விடவில்லை. நீ வாங்கிப் படி.)


ஜூலை 14

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். தரையும் நலம், இறங்கவில்லை.

முதலில் அதிர்ஷ்டம். பயிற்சிக் காலம் பற்றிப் பேச சூப்பர்வைசர் கூப்பிட்டார். அவர் ஃபைலைப் பிரிப்பதற்குள், “சார், ஒரு நிமிஷம்” என்று பகடையை எடுத்து அவர் மேசையில் உருட்டிவிட்டேன். எதற்கென்றும் சொன்னேன். அவர் எண்ணைப் பார்க்கவே இல்லை. பகடையை எடுத்து விளக்கடியில் பிடித்தார்.

“இது நம்ம வெள்ளை இல்லையே. மஞ்சள் தட்டுது.”

நிற அட்டையை எடுத்து வைத்து, ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, நிற எண்ணைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் திருப்பிக் கொடுத்தார். பகடையில் என்ன விழுந்தது என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. ஆனால் அவர் பார்த்தார் என்பதில் சந்தேகமில்லை. டீயும் சொன்னார். நான் வந்ததிலிருந்து அவர் பேசியது எல்லாம் சேர்த்தாலும் அன்றைக்குப் பேசிய அளவு வராது. எத்தனை என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, புத்தகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, நான்தான் பிரித்தேன். நேராக அறுபத்தாறாம் பக்கம். கோவேறு கழுதையின் படம். அதன் வகைகள், தீவனம், எந்தக் கழுதை எவ்வளவு சுமக்கும். பின்னாலும் முன்னாலும் புரட்டினேன். பழைய வேஷங்கள் பழைய எண்களோடு அப்படியே வரலாம் என்று போட்டிருக்கிறது. புதியவர்கள் பகடையே உருட்ட வேண்டாமாம். கொடுத்திருக்கும் எண்களில் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாமாம். சாட்சி என்ற சொல் புத்தகத்தில் எங்குமே இல்லை மாமா. டீயும் இல்லை.

கழுதையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் அக்கா, “என்ன சிரிக்கிறே? விதி என்ன சொல்லுது?” என்று கேட்டார்.

புத்தகத்தை மூடிவிட்டு, “ஆளுக்கு ஆறு சாட்சி வேணும்” என்றேன்.

இப்போது எங்கள் கட்டடத்தில் யார் வீட்டுக் கதவை யார் தட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. மேல்மாடியில் தனியாக இருக்கும் பியானோ டீச்சர் இரண்டு பேருக்குச் சாட்சி. அவருக்கும் ஒரு வேஷம் வேண்டுமாம்.

ஒரு மேசை வாங்கியிருக்கிறேன். உட்கார ஆறு பேர், ஓரமாக ஒரு டிராகன் லாரி நிறுத்தவும் இடம். நல்ல கனம். இதைத் தூக்கிக்கொண்டு ஊருக்கெல்லாம் வர முடியாது. அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

என் நாற்காலியில் அத்தையின் கைப்பையே இருக்கட்டும். என் ஆட்டத்தைக் கடிதத்தில் அனுப்புகிறேன். முதல் ஆட்டம் இது: பூட்டுத்திறப்பவள் வண்டியில் கண்விழிக்கிறாள். எதிரே ஒரு கதவு. டாக்டரம்மாவைக் கோடரியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். பொறுமை மூன்றுதான் என்பதால் பூட்டை ஆராயப் போவதில்லை. தட்டுகிறாள். ஓடாமல் நிற்கிறாள்.

உங்கள் மருமகள்.


ஜூலை 20

அன்பு மருமகளுக்கு,

இங்கே நான் ஒருவன் தவிர எல்லோரும் சுகம். உன் கடிதத்தைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கி, கழுதை வந்த இடத்தில்தான் என்ன வாசிக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. பிரேக் பிடிக்கவில்லை, முழுவதும் வாசித்துவிட்டேன். கண்டக்டர் மெதுவாக எழுந்து, பஸ்ஸில் மண்டியிட்ட தன் முழங்காலைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். டாக்டரம்மா கொறடைத் தேடினார். உன் அத்தை, மந்திரத்தை இப்போது போடட்டுமா என்று கேட்டாள்.

“இருங்க டாக்டர்” என்றார் கண்டக்டர். “புள்ள கதவைத் தட்டிட்டு நிக்குது. முதல்ல அதைப் பார்ப்போம்.”

ஆகவே என் தண்டனை அடுத்த ஞாயிறுக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. தவளையாகத்தான் போவேன் என்று தெரிகிறது. அந்தக் குளத்தில் தலைவர் பதவி ஏற்கெனவே போய்விட்டதுதான் ஒரே வருத்தம்.

உன் அம்மாவிடம் பக்குவமாகச் சொன்னேன். மேசை என்ன மரம் என்று கேட்டாள். அப்புறம் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்து வந்து, மேசைவிரிப்பு தைத்து அனுப்புகிறேன், அளவு கேள் என்றாள். அளவு எழுது.

அறுபத்தாறாம் பக்கத்தில் கழுதையின் காலுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. ஆறு சாட்சி விதியை, டீ உட்பட, அங்கே பேனாவால் எழுதிவிட்டேன். நால்வரும் கையெழுத்துப் போட்டோம். இனி நான் சொன்னது பொய் என்று எவரும் சொல்ல முடியாது. என் பிரதியில் இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளலாம். உன் பிரதியிலும் அதே இடத்தில் எழுதிக்கொள்.

அதிர்ஷ்டம் பன்னிரண்டு, டீக்கு ஒன்று, ஆகப் பதின்மூன்று என்று பேரவை ஏகமனதாகப் போட்டிருக்கிறது.

கதவு திறந்தது, மருமகளே.

பார்த்தோம்.

மாமா
அத்தை
பல் டாக்டர்
கண்டக்டர் (விசிலுடன்)